குழந்தைகளைக் காத்த எமில் வான் பெரிங்

தொண்டை அடைப்பான் என்னும் நோயை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. குழந்தைப் பருவத்தில் நமக்குப் போட்ட தடுப்பூசியே அதற்குக் காரணம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தாய்மாரை நடுங்க வைத்த நோய் அது. குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிற ஏடு படர்ந்து மூச்சை அடைக்கும். மருத்துவர் கழுத்தைத் துளைத்து மூச்சுக்கு வழி செய்வார். நோயை முறிக்கும் மருந்து அவரிடம் இல்லை. அந்நிலையை மாற்றிய பெருமகனாரின் வாழ்வை இங்குக் காண்போம்.

எமில் பெரிங் 1854 மார்ச் 15ஆம் நாள், அக்காலப் பிரஷ்யாவின் ஹான்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. தந்தை பள்ளி ஆசிரியர். வீட்டிலோ 13 பிள்ளைகள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வசதியில்லை. ஆகவே 1874இல் பெர்லினிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புக்குக் கைம்மாறாகப் பல்லாண்டுகள் படையில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை.

படை மருத்துவராக இருந்தபோது, புண்ணுக்கு இடும் ஐயோடோபார்ம் என்னும் மருந்தை ஆராய்ந்தார். அது கிருமியைக் கொல்வதைவிட, கிருமி கக்கும் நஞ்சை முறிக்கிறது என எண்ணினார். நஞ்சை முறிக்கும் பொருள் உடலுக்குள்ளேயே உண்டோ என்ற கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1889இல் பெர்லினில் இராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஜப்பானியரான ஷிபாசாபுரோ கிடாசாடோ அவருக்குத் துணையானார். ரணஜன்னி நஞ்சைத் தாங்கப் பழக்கிய விலங்கின் இரத்தத்தை எடுத்து, அது உறைந்தபின் தெளியும் சீரத்தை வேறொரு விலங்குக்குச் செலுத்தினர். அந்த விலங்கும் நோயிலிருந்து தப்பியது! ஓர் உடல் பெற்ற காவலை மற்றோர் உடலுக்கு வழங்கலாம் என்ற இவ்வுண்மை 1890 டிசம்பரில் வெளியாயிற்று. தொண்டை அடைப்பானுக்கும் அது பொருந்தக் கண்டார் பெரிங்.

எனினும் வெற்றி உடனே கைகூடவில்லை. தொடக்கத்தில் சீரத்தின் வலிமை குறைவாக இருந்தது. அதை அளந்து சீராக்கும் முறையைப் பால் எர்லிக் வகுத்தார். பாரிசில் எமில் ரூ குதிரைகளிடமிருந்து மிகுதியாகச் சீரம் எடுத்துக் காட்டினார். 1894இல் ஜெர்மனியில் சீரம் விற்பனைக்கு வந்தது. எண்ணற்ற குழந்தைகள் பிழைத்தனர்.

1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குக் கிடைத்தது. உடன் உழைத்த கிடாசாடோவுக்கு அதில் பங்கில்லை என்பதை நாம் வருத்தத்தோடு நினைவுகூர வேண்டும். பின்னர் காசநோயை வெல்லவும் பெரிங் முயன்று தோற்றார். ஆயினும் சோரவில்லை, 1913இல் தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பு மருந்து ஒன்றை அறிவித்தார். 1917 மார்ச் 31இல் மார்பர்க் நகரில் காலமானார்.

அவர் காட்டிய வழி அவரோடு முடியவில்லை. குதிரைச் சீரம் சிலருக்குக் காய்ச்சலையும் தடிப்பையும் மூட்டுவலியையும் தந்தது. ஆகவே பிற்கால அறிஞர்கள் மனித இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்தே காவல் புரதத்தைப் பிரித்தனர். இம்யூனோகுளோபுலின் என்பது அதன் பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்த பிளாஸ்மாவைச் சேர்த்துத் தூய்மை செய்து, நரம்பு வழியே செலுத்துகின்றனர். பிறவியிலேயே நோய் எதிர்ப்புப் புரதம் இல்லாத குழந்தைகளுக்கு அது உயிர்க்காவல். இரத்தத் தட்டுக்கள் குறைந்து உடலில் இரத்தம் கசியும் ஒருவகை நோயில் குழந்தைகளுக்கு அது பயன்படுவதை, 1981இல் சுவிட்சர்லாந்தின் பால் இம்பாக் குழுவினர் வெளியிட்டனர். கை கால்களைத் திடீரெனத் தளரச் செய்யும் கியான்-பாரே நோய்க்கும், சிறுவர் இதயக் குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோய்க்கும் இன்று அதுவே முக்கிய மருந்துகளுள் ஒன்று. ஆனால் விலை மிகுந்தது. எல்லா நோய்க்கும் ஏற்றதும் அன்று. தொழிற்சாலையில் தூய்மை செய்யலாமே தவிர, அதன் மூலப்பொருளை மனிதர் மனமுவந்து தந்தால்தான் உண்டு.

தோழியரே, வறுமையைக் கண்டு பெரிங் கலங்கி நின்றிருந்தால் இந்த வழி திறக்க எவ்வளவு காலமாகியிருக்குமோ! அவரைப்போல் ஆராயும் வாய்ப்பு நம்மில் சிலருக்கே கிட்டலாம். ஆனால் 18 வயது நிரம்பி உடல்நலமும் இருந்தால், குருதிக்கொடை நம்மில் பலராலும் இயலும். முகமறியாத ஒரு குழந்தைக்கு நம் உடலின் காவலை வழங்க அன்று நாம் முன்வருவோமாக!