காந்தி நூலின் ஆங்கிலத்தையே திருத்தியவர்: யார் இந்த சீனிவாச சாஸ்திரி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்து வெளிநாட்டு கஸ்டமருக்கு மெயில் போடும்போது பலரும் கடைசி வரியில்தான் சறுக்குகிறார்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று அடித்து அனுப்பிவிடுவார்கள். அது தப்பு. ‘டு மீட்டிங் யூ’ என்பதே சரி. இந்தத் தொடரில் ‘டு’வுக்குப் பின்னால் பெயர்ச்சொல்லோ, ‘இங்’ சேர்ந்த சொல்லோதான் வர வேண்டும்.

இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தையும் விடாமல் கவனித்தே உலகப் புகழ் பெற்ற தமிழர் ஒருவர் இருந்தார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி.

1869-ல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். படிப்பு கும்பகோணத்தில். மாயவரம், சேலம் என்று வாத்தியார் வேலை பார்த்துவிட்டு, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். அந்தக் காலப் பள்ளிகளில் வேதம் மாதிரி ஓதப்பட்ட நெஸ்ஃபீல்டு இலக்கண நூலுக்கே திருத்தம் சொன்னவர் என்பார்கள்.

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1921-ல் லண்டன் பேரரசு மாநாடு, ஜெனீவா சர்வதேச சங்கம் என எங்கே பேசினாலும் கைதட்டல்தான். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்ட். ‘வெள்ளி நாவு’ என்ற பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல.

காந்தியும் இவரும் அரசியலில் எதிரெதிர்த் திசை. ஒத்துழையாமை இயக்கத்தை சாஸ்திரி ஏற்கவே இல்லை. அதற்காகத் திட்டும் வாங்கினார். ஆனால் குஜராத்தியில் காந்தி எழுதிய சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது, அதன் மறுபதிப்புக்கு வரிவரியாக மொழி திருத்திக் கொடுத்தவர் சாஸ்திரிதான். ஒரே நிபந்தனை, பெயர் வெளியே வரக் கூடாது. முன்னுரையிலும் மதிப்புக்குரிய நண்பர் என்ற அளவில்தான் குறிப்பு இருக்கிறது. இன்று நம்மில் பலர் படிக்கும் ஆங்கிலப் பதிப்பு அவர் கைபட்டதுதான்.

தமிழில் இந்த மரியாதை அவருக்குக் கிடைக்கவில்லை. 1940-ல் கலைச்சொற்களை உருவாக்க அமைத்த குழுவுக்கு அவரைத் தலைவராக்கியபோது, சமஸ்கிருதச் சாய்வு என்று தமிழறிஞர்களிடம் இருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

1946 ஜனவரியில் சென்னை வந்த காந்தி, மருத்துவமனையில் படுத்திருந்த சாஸ்திரியைப் போய்ப் பார்த்தார். ஏப்ரல் 17-ல் சாஸ்திரி காலமானார்.