கிளாரினெட் சீர்திருத்திய இவான் முல்லர்

நம் நாட்டில் சின்ன மேளத்தில் இடம்பெற்று, பின்னர் கர்நாடக இசை மேடையும் ஏறிய கிளாரினெட் மேனாட்டு வாத்தியமாகும். அதனைச் சீர்திருத்திய இவான் முல்லர் 1786-இல், இன்று தாலின் எனப்படும் ரேவல் நகரில் பிறந்தார்.

விரல் எட்டாத துளைகளை மூடும் சாவிகளின் அடியில் அந்நாளில் தட்டையான தோலே இருந்தது. அது தேய்ந்தால் துளை சரிவர மூடாது, காற்றுக் கசியும். முல்லர் கம்பளி அடைத்த தோல் மெத்தையைக் கிண்ணம் போன்ற சாவியில் பொருத்தி, அக்குறையைத் தீர்த்தார்.

எல்லாச் சுருதிக்கும் ஒன்றே போதுமென 13 சாவிகளுடன் அவர் சமைத்த வாத்தியத்தை, 1812-இல் பாரிஸ் இசைக் கல்லூரிக் குழு ஏற்க மறுத்தது. சுருதிக்கொரு வாத்தியம் என்னும் முறையில் அமைந்த நாதவேறுபாடு அழியும் என்பது குழுவின் கருத்து. முல்லர் தளரவில்லை, ஊர்தோறும் வாசித்து அதன் சிறப்பை நிலைநாட்டினார். 1854-இல் மறைந்தார்.

தேய்ந்த மெத்தையை மட்டும் மாற்றிப் பழைய வாத்தியத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யும் கைவினைஞர் ஒவ்வொருவரும் அன்னாருக்குக் கடமைப்பட்டவரே.