உயிர்களுக்குப் புதுக்கோடு போட்ட ஹெக்கல்: திராவிடர்களை எங்கே வைத்தார்?

பதினோராம் வகுப்பில் படித்த ஐந்துலக வகைப்பாடு நினைவிருக்கா? மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள். இதில் முதல் இரண்டு பெயர்களையும் உருவாக்கியவர் ஒரே ஆள்: ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல்.

1834-ல் போட்ஸ்டாமில் பிறந்தவர். மருத்துவம் படித்தார், ஆனால் மனசு கடலில் இருந்தது. இத்தாலியின் மெசினாவில் ரேடியோலேரியா எனும் ஒற்றைச் செல் உயிர்களை வரைந்து தள்ளினார். 1864-ல், அவருடைய 30-வது பிறந்தநாளன்றே, மனைவி அன்னா இறந்துபோனார். அதன்பின் வெறியோடு எழுதிய பெரிய நூல் 1866-ல் வந்தது.

அதுவரை உயிர் என்றால் தாவரம், இல்லாவிட்டால் விலங்கு. அப்படியானால் யூக்ளினாவை எங்கே வைப்பது? பச்சையம் இருக்கு, கசையிழையால் நீந்தவும் செய்யுது. இப்படிப்பட்டவற்றுக்கு ஹெக்கல் மூன்றாவது உலகம் ஒன்றைத் திறந்து, புரோட்டிஸ்டா என்று பெயர் வைத்தார். பாக்டீரியா போன்ற எளிய உயிர்கள் அதற்குள்ளேயே மொனிரா என்ற பிரிவாயின.

சிக்கல் மனிதரிடம் வந்தபோதுதான். ஒரு செல்லை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர், மனிதரைப் பிரிக்க எடுத்த அளவுகோல் தலைமுடி! 1868-ல் வெளியிட்ட நூலின் பிந்தைய பதிப்புகளில் மனிதரை 12 சிற்றினங்களாகப் பிரித்தார். திராவிடர் அதில் தனிச் சிற்றினம். ஐரோப்பியர் இருந்த அதே சுருள்முடிக் குழுவில்தான் வைத்தார், ஆனால் உச்சி ஐரோப்பியருக்கு. வகைப்பாடு அங்கே தரவரிசை ஆகிவிட்டது.

1881 இறுதியில் இலங்கை வந்தார். தெற்கே வெலிகமவின் பயணியர் விடுதியையே ஆய்வகமாக்கி, வாரக்கணக்கில் கடலுயிர்களைச் சேகரித்தார். அங்கே அவருக்கு உதவியாக இருந்த சிறுவன், ஒதுக்கிவைக்கப்பட்ட ரோடியா சாதியைச் சேர்ந்தவன். அவனைப் பிரிய மனமில்லாமல்தான் ஊர் திரும்பினார். ஆனாலும் அந்தப் பட்டியலை அவர் கைவிடவில்லை.

1919-ல் ஜெனாவில் இறந்தார். 1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்என்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது மொனிரா இரண்டாக உடைந்தது: பாக்டீரியா, ஆர்க்கியா. செல்லுக்குள் உட்கரு உள்ள மற்ற எல்லாமே, அதாவது காளானும் வேப்பமரமும் நாமும், யூகேரியா என்ற மூன்றாவது பிரிவில். புரோட்டிஸ்டாவும் ஒரே கிளையில் வந்தவை அல்ல என்று தெரிந்துவிட்டது. 12 மனிதச் சிற்றினங்களில் ஒன்றுகூட மரபணுச் சோதனையில் தேறவில்லை.