பகடையின் நேர்மையைக் கணக்கால் சோதித்த கார்ல் பியர்சன்

கைப்பேசியில் லூடோ விளையாடும் பலருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. நமக்கு ஆறு விழுவதே இல்லை. எதிராளிக்கு மட்டும் அடுத்தடுத்து விழுகிறது. விளையாட்டு ஏமாற்றுகிறதா, அல்லது நமக்குத்தான் நேரம் சரியில்லையா? இந்தக் கேள்விக்கு ஊகத்தை விட்டுக் கணக்கால் பதில் காண வழிவகுத்தவர் கார்ல் பியர்சன்.

இவர் 1857ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் தேதி லண்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1879இல் இறுதித் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றார். பின்னர் ஜெர்மனிக்குச் சென்று படித்தார், சட்டமும் பயின்றார். 1884இல், 27 வயதிலேயே, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பயன்பாட்டுக் கணிதப் பேராசிரியரானார்.

1891இல் அதே கல்லூரிக்கு விலங்கியல் பேராசிரியராக வந்த வெல்டன், அவருடைய நெருங்கிய நண்பரானார். 12 பகடைகளை ஒன்றாக 26,306 முறை உருட்டிய முடிவுகளை வெல்டன் சேகரித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பகடையையும் தனியாக எண்ணினால் மொத்தம் 315,672 வீச்சுகள். பகடை நேர்மையானது என்றால், 5 அல்லது 6 மூன்றில் ஒரு பங்கு, அதாவது 105,224 முறை விழ வேண்டும். விழுந்ததோ 106,602 முறை. இந்த 1,378 கூடுதல் வெறும் தற்செயலா, பகடையின் கோளாறா என்பதே கேள்வி.

இதற்கு விடை காணும் முறையைப் பியர்சன் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுவே கை-வர்க்கச் சோதனை. ஒவ்வொரு முகமும் எத்தனை முறை விழுந்தது என்பதிலிருந்து, விழ வேண்டிய எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். வரும் விடையை வர்க்கப்படுத்தி, விழ வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து, எல்லா முகங்களுக்கும் கூட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு பகடையை 600 முறை உருட்டினால் ஒவ்வொரு முகமும் 100 முறை விழும் என எதிர்பார்க்கலாம். உண்மையில் 90, 110, 95, 105, 88, 112 என்று விழுந்தால், கூட்டுத்தொகை 5.38. ஆறு முகப் பகடைக்கு இத்தொகை ஏறக்குறைய 11ஐத் தாண்டினால்தான் வழக்கமாகச் சந்தேகம் கொள்வார்கள். ஆகவே, இந்தப் பகடையைக் குறை சொல்ல ஆதாரமில்லை.

வெல்டனின் பகடைகளோ தேறவில்லை. நேர்மையான பகடைகளில் அத்தகைய முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு 62,500இல் ஒன்றுதான் என்று பியர்சன் கணக்கிட்டார். புள்ளிகளுக்காகக் குழி தோண்டும்போது, அதிகக் குழிகள் உள்ள முகம் எடை குறைந்து மேல்நோக்கி விழுகிறது என்பது அதற்குப் பலரும் கூறிவந்த விளக்கம்.

1901இல் வெல்டன், கால்டன் ஆகியோருடன் சேர்ந்து 'பயோமெட்ரிக்கா' ஆய்விதழைத் தொடங்கிய பியர்சன், 1911இல் புள்ளியியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத் துறையை உருவாக்கினார். 1935இல் தேடி வந்த சர் பட்டத்தை ஏற்க மறுத்தார். 1936ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி காலமானார்.

எனினும், பகடைக்குக் காட்டிய நடுநிலையை அவர் மனிதர்களிடம் காட்டவில்லை. மனிதரில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் உண்டு என்ற இனமேம்பாட்டுக் கொள்கையைத் தீவிரமாக ஆதரித்தார். லண்டனில் குடியேறிய யூதர்களின் பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்கள் உடலாலும் அறிவாலும் சராசரியில் தாழ்ந்தவர்கள் என 1925இல் எழுதினார். இதனால், அதே கல்லூரி 2020இல் தனது கட்டடத்திலிருந்து அவர் பெயரை நீக்கியது.

பெயர் நீங்கினாலும் சோதனை நிலைத்திருக்கிறது. கணினி விளையாட்டுகளில் பகடை எண்களைத் தரும் நிரல்களைச் சோதிக்க இன்றும் அது பயன்படுகிறது. கைப்பேசிப் பகடையைச் சந்தேகிப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஆனால், தோற்ற ஆட்டங்களை மட்டும் எண்ணக்கூடாது. எத்தனை வீச்சு என்று முன்கூட்டியே முடிவு செய்து, தமக்கு விழுந்ததையும் எதிராளிக்கு விழுந்ததையும் ஒன்றுவிடாமல் குறித்துவைக்க வேண்டும்.