பழைய தேற்றம், புதிய வழி

நாம் வாழும் கொல்கத்தாவில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் அசுதோஷ் முகர்ஜி. மாணவராயிருந்தபோது அவர் தம் கணித ஆய்வுக்கு எட்டாத புதிரைத் தேடவில்லை. யூக்ளிடு நூலின் முதற்பகுதியிலுள்ள 25ஆம் தேற்றத்தையே எடுத்துக்கொண்டார். இரு முக்கோணங்களில் இரண்டிரண்டு பக்கங்கள் முறையே சமமாயின், எதில் மூன்றாம் பக்கம் பெரியதோ அதில் அப்பக்கத்தின் எதிர்க்கோணமும் பெரியதாகும் என்பதே அத்தேற்றம். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட அதற்கு அவர் வேறொரு நிறுவல் கண்டார். அது 1881இல் இங்கிலாந்துக் கணித இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவரது அகவை ஏறத்தாழ 17.

பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். 1908இல் கல்கத்தாக் கணிதக் கழகத்தை நிறுவினார். நிதித்துறையில் பணியாற்றிய தமிழர் சி. வி. இராமனைப் பேராசிரியராக அழைத்தவரும் அவரே. 1924இல் மறைந்தார்.

மாணவர்களே, நீங்கள் நன்கறிந்த தேற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை வேறு வழியில் நிறுவ முயல்க.