ஜான்சி ராணி வேஷம்: பட்டும் நகையும் எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 15 வந்தால் போதும், பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒரு ஜான்சி ராணியாவது மேடையேறிவிடுவார். பளபளக்கும் பட்டு, கழுத்து நிறைய கவரிங் நகை, அட்டை வாள், முதுகில் துண்டால் கட்டிய பொம்மை. நிஜ லட்சுமிபாய் போருக்குப் போனது இந்தக் கோலத்தில் இல்லை.

காசியில் பிறந்த மணிகர்ணிகா, பித்தூரில் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் அரண்மனைச் சூழலில் குதிரையேற்றமும் வாள்வீச்சும் பழகி வளர்ந்தவர். 1842-ல் ஜான்சி மன்னர் கங்காதர் ராவைக் கல்யாணம் செய்ததும் பெயர் லட்சுமிபாய் ஆனது. 1851-ல் பிறந்த மகன் சில மாதங்களில் இறந்துபோனான். 1853 நவம்பரில் கணவரும் காலமானார். அதற்கு முந்தைய நாள் தத்தெடுத்த சிறுவன் தாமோதர் ராவை வாரிசாக ஏற்க டல்ஹவுசி மறுத்துவிட்டார். 1854-ல் ஜான்சி கம்பெனி வசம் போனது.

அந்த வழக்குக்காக ராணி வரவழைத்த வக்கீல் ஜான் லாங், நடுவில் இருந்த திரை விலகியபோது அவரைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். மெல்லிய வெள்ளை மஸ்லின் உடை, காதில் தங்கத் தோடு. வேறு நகையே இல்லை. ஆக, பட்டும் கழுத்து நிறைய நகையும் அப்போதே கிடையாது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி மறுபடி அவர் கைக்கு வந்தது. அவைக்குச் சில நாள் வெள்ளைப் புடவையில் வருவார், சில நாள் பைஜாமா, நீலக் கோட்டு, தலைப்பாகை, இடுப்பில் வாளோடு வருவார் என்கின்றன வரலாற்று நூல்கள். குதிரை ஏற வசதி என்பது ஒரு காரணம். இனி திரைக்குப் பின்னால் உட்கார முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கும்.

1858 மார்ச்சில் ஹியூ ரோஸ் கோட்டையை முற்றுகையிட்டார். ஏப்ரல் தொடக்கத்தில், இரவோடு இரவாக ராணி தப்பினார். கூடவே தாமோதரும் போனான், அது உண்மை. ஆனால் அப்போது அவனுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வயசு, கைக்குழந்தை இல்லை! அடுத்த சில வாரங்களில் கல்பி பக்கம் ஒரு கிணற்றடியில் ராணியைப் பார்த்த மராத்திப் புரோகிதர் விஷ்ணுபட் கோட்ஸே, பட்டாணியர் உடையில், உடம்பெல்லாம் புழுதியோடு, தாகத்தில் களைத்துப்போன ஒரு பெண்ணைத்தான் தன் நூலில் காட்டுகிறார்.

ஜூனில் குவாலியர் அருகே கோட்டா கி சராயில் நடந்த சண்டையில் அவர் விழுந்தபோது உடலில் இருந்தது சாதாரணக் குதிரைப்படை வீரனின் உடுப்பு. எதிரே வந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு அவர் ராணி என்றே தெரிந்திருக்கவில்லை என்பார்கள்.

அந்த உடுப்புக்கு நெருக்கமாக வந்த ஒரே வேஷம் 1943-ல் சிங்கப்பூரில் நடந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படை உருவானது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். புடவையைக் கழற்றிவைத்து காக்கிச் சட்டையும் கால்சட்டையும் மாட்டினார்கள். நீள முடியைப் பலர் குட்டையாக வெட்டிக்கொண்டார்கள்.