சாலையோர மருந்தகங்களைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்

ஆறாத சிறு புண், கண் சிவத்தல், தோல் அரிப்பு, சளி, காய்ச்சல் போன்ற உடல்நலக் குறைகளுக்கு, முன்பதிவோ பரிந்துரைக் கடிதமோ இன்றி உங்கள் பகுதியிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே சென்று நீங்கள் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். நூறாண்டுகளுக்கு முன் இவ்வசதி கிராம மக்களுக்குக் கிட்டவில்லை. அந்நாளில் வேலூரைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு மருத்துவத்தைக் கொண்டு சென்றவர் டாக்டர் ஐடா ஸ்கடர். சிறு நோய்க்கு அருகிலேயே மருத்துவம் ஏன் வேண்டும் என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்து நீங்கள் அறிந்துகொள்ளலாம்.

இளமையும் திருப்புமுனையும்

ஐடா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தந்தை அமெரிக்க மருத்துவ ஊழியர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணப் பகுதியில் மருத்துவப் பணி புரிந்தவர். ஆயினும் ஐடாவுக்கு மருத்துவராகும் விருப்பம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்து அங்கேயே வாழ எண்ணியிருந்தார். தாயார் நோயுற்றதால், அவரைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்கே ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே அவரைத் தேடி வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் பெண்ணுக்குப் பேறு பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்காததால், ஐடாவின் தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் இசையவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். மறுநாள் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி அவருக்குக் கிடைத்தது. மருத்துவர் அருகில் இருந்தும் நோயாளியால் அவரை அணுக இயலாவிடில் பயனில்லை என்பதை அந்த இரவு அவருக்கு உணர்த்தியது. அவர் அமெரிக்கா திரும்பி, 1899இல் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

ஒரு படுக்கையிலிருந்து ஊர்ச்சாலை வரை

1900ஆம் ஆண்டு வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் பணியைத் தொடங்கினார். முதல் இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனை அமைந்த பின்னும் ஒரு குறை நீடித்தது. தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து நடந்தோ மாட்டு வண்டியிலோ வந்தவர்கள், நோய் முற்றிய பின்னரே வந்தனர். தொடக்கத்தில் கழுவிக் கட்டினாலே ஆறியிருக்கும் புண், அழுகிய நிலையில் வந்தது. ஒரு நாள் கூலியை இழந்து சிறு புண்ணுக்காக வேலூருக்கு வர ஏழை உழவரால் இயலவில்லை என்பதே காரணம்.

ஆகவே ஐடா தாமே புறப்பட்டார். குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் வண்டியை நிறுத்தினார். மக்கள் அங்கே முன்னதாகவே கூடிக் காத்திருந்தனர். புண்களைக் கழுவிக் கட்டுவது, கட்டிகளைக் கீறிச் சீழ் அகற்றுவது, கண்ணுக்கு மருந்திடுவது ஆகியவை சாலையோரத்திலேயே நடைபெற்றன. மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியவர்கள் வேலூருக்கு அழைத்து வரப்பட்டனர். பின்னர் மோட்டார் வாகனம் வந்தபோது, அதைக் கண்டு அஞ்சிய கிராமத்தார் காலப்போக்கில் அதன் வரவை எதிர்நோக்கலாயினர்.

ஒருவரால் எல்லா ஊர்களையும் எட்ட இயலாது என்பதை உணர்ந்த ஐடா, 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அப்பள்ளியே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1947 முதல் அதில் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஐடா 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் காலமானார்.

நீங்கள் செய்ய வேண்டியது

சாலையோர மருந்தகத்தில் இரண்டு பணிகள் நடைபெற்றன: சிறு நோயை அங்கேயே தீர்த்தல், பெரு நோயைக் கண்டறிந்து உரிய இடத்துக்கு அனுப்புதல். இன்று இவ்விரண்டையும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் செய்கிறது. சிறு காயம், வயிற்றுப்போக்கு, இருமல், காய்ச்சல் ஆகியவற்றுக்கும், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் பரிசோதனைக்கும் முதலில் அங்கே செல்லுங்கள். நேரே பெரிய மருத்துவமனைக்குச் சென்று நெடுநேரம் காத்திருப்பதையும், தானே ஆறிவிடும் என்று வீட்டிலேயே நாள் கடத்துவதையும் தவிர்த்திடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் ஏற்படும் சிறு புண்ணையும் தாமதமின்றிக் காட்ட வேண்டும். ஐயம் இருப்பின் 104 என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம்.

மார்பு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, நினைவிழத்தல், திடீரென முகம் கோணுதல் அல்லது கை கால் செயலிழத்தல், நிற்காத இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவை சிறு நோய்கள் அல்ல. இவற்றுள் எது நேரினும் உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.